ஒரு பெயரைச் சொல்லிவிட்டேன்… இனி என்னை யார் தலைவனாக மதிப்பார்கள்?

வாசகருக்கு 41 வயது. மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில், 11 பேர் கொண்ட டீமுக்கு மூன்று வருடமாகத் தலைவர். ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஊழியர்கள் 340 பேருக்குச் சம்பளம் குறைவாகப் போய்விட்டது. போன மாத விடுப்புப் பிடித்தம் இந்த மாத ஷீட்டிலும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஷீட்டைத் தயாரித்தவர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஓர் இளம்பெண். அதைத் திறந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டிய 'செக்கர்' வாசகர்தான். வங்கிக்கு அனுப்பும் நேரம் நெருங்கிவிட்டதால் ஷீட்டைத் திறக்காமலே 'அப்ரூவ்' பொத்தானை அழுத்திவிட்டார்.

மறுநாள் வாடிக்கையாளரும் இயக்குநரும் இருந்த வீடியோ அழைப்பில் இயக்குநர், "இதைப் பார்த்தது யார்?" என்று கேட்டார். வாசகர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். மொத்தம் பத்து விநாடிகூட இருக்காது என்கிறார். அந்தப் பெண்ணும் அழைப்பில் இருந்திருக்கிறார். மைக்கை அணைத்து வைத்திருந்தார், கடைசி வரை திறக்கவில்லை. நான்கு நாளில் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாசகரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது டீமில் யாரும் அவரிடம் கலகலப்பாகப் பேசுவதில்லை. வாயால் சொன்ன வேலையைக்கூட "ஒரு மெயில் போட்டுடுங்க சார்" என்கிறார்கள். "ஒரே ஒரு கணம் என்னை இப்படி எழுதிவிட்டதே! சதீஷ் தவான் கலாமுக்காகப் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்றார். நான் எட்டு மாத ஜூனியரை முன்னால் தள்ளிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். ராஜினாமா செய்யலாமா, வரும் அப்ரைசலில் அந்தப் பெண்ணுக்கு நல்ல மதிப்பெண் போட்டு ஈடுகட்டலாமா, அல்லது நண்பர் சொல்வதுபோல் "யானைக்கும் அடி சறுக்கும்" என்று விட்டுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். உண்மையை இயக்குநரிடம் சொல்லிவிடச் சொல்கிறார் மனைவி. அதற்காக வாசகர் ஒரு மெயில் வரைவையும் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறார். எனக்கு அதன் நகலை அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் "பத்து விநாடி" என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. ஆறு வாரம் என்பது ஒரே ஒரு இடத்தில், அதுவும் தேதிக்கணக்குக்காக மட்டும் வருகிறது. நான் உங்களிடம் பேச நினைப்பது அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான்.

அழைப்பில் நடந்ததைச் சிறிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபமாக இருக்கும் மேலதிகாரி திடீரென்று "யார்?" என்று கேட்டால், கேட்டதற்கு நேர்ப்பதிலாக ஒரு பெயர் வாயில் வந்துவிடுவது மனிதர்களுக்கு நடப்பதுதான். உங்கள் டீமில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். அன்று மாலையே இயக்குநரை அழைத்து, "சார், அழைப்பில் நான் சொன்னது பாதிதான். அந்த ஷீட்டை அப்ரூவ் செய்தது நான், திறந்துகூடப் பார்க்கவில்லை" என்று சொல்லியிருந்தால் அந்தப் பத்து விநாடி ஒரு தடுமாற்றமாகவே நின்றிருக்கும். நான்கு நாள் கழித்து எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது சொல்லியிருந்தாலும், தாமதம் என்றாலும், தாங்கியிருக்கும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் காலையில் உள்ளே வந்து, அந்தப் பெண்ணின் மேஜையைக் கடந்து உங்கள் அறைக்குப் போயிருக்கிறீர்கள். அவர்கள் உங்களைப் பற்றி எடுத்த முடிவு அந்த நடையைப் பார்த்து எடுத்தது. இதை உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. பத்து விநாடியைத் திரும்பப் போய் மாற்ற முடியாது. ஆறு வாரம் என்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்த முடியும்.

தவான் கதையில் நீங்கள் விட்டுவிட்டது

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பயணம் தோற்று, வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். இஸ்ரோவின் தலைவர் தவான் பத்திரிகையாளர்களைத் தானே சந்தித்துப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபோது, "இன்றைக்கு நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பினார். இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கப் போகிறவர் யாரும் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. எனக்கே கொஞ்சம் அலுத்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் விஷயத்துக்கு அதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, தவான் அன்றைக்குத் திடீரென்று நல்லவராகிவிடவில்லை. 1972 முதல் அவர்தான் அங்கே தலைவர். ஏழு வருடமாகப் பழகிய ஒருவரின் பழக்கம் அன்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். நீங்களும் மூன்று வருடமாக அந்த டீமோடு இருக்கிறீர்கள். அந்த மூன்று வருடத்தில் மேலே இருந்து திட்டு வந்தபோதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை நீங்களே உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் அவர்களுக்காக நின்றவர் என்றால், இது அவர்களுக்குப் புரியாத ஒரு சறுக்கல். முன்பும் இப்படித்தான் என்றால், இது அவர்களுக்குப் புதிய செய்தியே கிடையாது.

இரண்டாவதுதான் முக்கியம். அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னது யார்? தவான் சொல்லவில்லை. கலாம் சொன்னார், பல மேடைகளில், பல வருடம் சொன்னார். ஒரு தலைவரின் அந்த ஒரு கணம் எப்படி நினைவில் நிற்கும் என்பது பெரும்பாலும் அவருக்குக் கீழே நின்றவர் கையில்தான் இருக்கிறது. உங்கள் கதையும் இப்போது அந்த இளம்பெண்ணிடம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, தானும் ஒரு டீமுக்குத் தலைவராகி, "என் முதல் வேலையில் ஒரு சார் இருந்தார்…" என்று அவர் தொடங்குவார். அதற்குப் பிறகு என்ன சொல்வார் என்பது இன்னும் எழுதப்படவில்லை.

ஒரு வாக்கியம் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

"நான் மூன்று வருடம் செய்த நல்லதெல்லாம் எங்கே போனது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான ஆதங்கம். நம் மனது நல்லதைவிடக் கெட்டதற்குத்தான் அதிக எடை போடும் என்பதை உளவியலில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு கோணலும் உண்டு. லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் அதற்குப் பெயர் வைத்தார். அடுத்தவர் செய்ததற்குக் காரணம் தேடும்போது நாம் அவருடைய சூழலை விட்டுவிட்டு நேரே குணத்துக்குப் போய்விடுகிறோம். உங்கள் கணக்கில் அது நேர நெருக்கடி, இயக்குநரின் குரல், வாடிக்கையாளரின் முகம். அவர்கள் கணக்கில் அது "இவர் இப்படிப்பட்டவர்". நீங்கள் சூழலை விளக்க விளக்க, அவர்களுக்கு அது சாக்காகத்தான் கேட்கும். ஆகவே விளக்கத்தைக் கைவிடுங்கள்.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தோண்டுதளம் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலெல்லாம் எண்ணெய். அப்போது பி.பி. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட். மே மாதக் கடைசியில் நிருபர்களிடம் பேசும்போது அவர் முதலில் சொன்னது மன்னிப்புதான். அடுத்த மூச்சில், இது முடிய வேண்டும் என்று என்னைவிட அதிகமாக விரும்புகிறவர் யாரும் இல்லை, எனக்கு என் வாழ்க்கை திரும்ப வேண்டும் என்றார். முதல் பாதி இன்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அந்த அக்டோபரில் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அந்தப் பெண்ணிடம் சொல்லப்போவதாக எழுதியிருக்கும் நான்கு வாக்கியத்தில் மூன்றாவது, "நானும் ஆறு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை". அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் எடுத்துவிடுங்கள். உங்கள் தூக்கத்துக்கு அவர் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமைக்கு அவரைத் தள்ளாதீர்கள்.

"இந்த ஆறு வாரத்தில் ஒரு தவறும் வரவில்லை" என்கிறீர்களே

கடிதத்தில் நான் அடிக்கோடிட்டு வைத்த வரி இது. நண்பர் சொல்வது சரி, டீம் இப்போது கவனமாக வேலை செய்கிறது, காலம் ஆற்றிவிடும் என்பதற்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் இதை நேர்மாறாகப் படிக்கிறேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, ஒற்றுமையாக நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவேட்டில் அந்தக் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் இருந்தன. தலைகீழாக வந்த அந்த முடிவைத் துருவிப் போனபோது அவருக்குப் பிடிபட்டது, நல்ல குழுவில் தவறைத் தைரியமாகச் சொல்கிறார்கள், மற்ற குழுவில் மறைத்துவிடுகிறார்கள் என்பது. உங்கள் டீம் மாதம் எத்தனை ஷீட் கையாளுகிறது? அதில் ஆறு வாரம் ஒரு சின்னப் பிழைகூட உங்கள் காதுக்கு வரவில்லை என்றால் பிழை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களிடம் வருவது நின்றுவிட்டது. அடுத்து வெடிப்பது 340 பேரோடு நிற்காது.

"மெயில் போட்டுடுங்க சார்" என்பதும் அதே நோய்தான். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு, ஆலோசனைக்கு வருவதாக இருந்த ஒருவரின் நேரத்தை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். அவர் வந்து உட்கார்ந்து, கோபமாகக் கேட்டபோது, "வரவேற்பில் குறித்து வைக்கவில்லை போலிருக்கிறது" என்று சொல்லித் தப்பித்தேன். வரவேற்பில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய நேரப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, அடியில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். மரியாதையாகத்தான் வாங்கினார். பேனாவின் மூடியைக் கழற்றித் தருவார். அந்த மூடியைப் பார்க்கவே எனக்குக் கூசும். நான் மன்னிப்புக் கேட்க நாலு மாதம் ஆனது. அவர் தாளை நிறுத்த, அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆனது. மனிதர்களுக்கு இதைச் சொல்லித் தருவதுதான் என் தொழில் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் பழமொழியைப் பற்றி ஒரு வார்த்தை. யானைக்கும் அடி சறுக்கும்தான். சறுக்கினால் யானைதான் விழும். இங்கே சறுக்கியது நீங்கள், விழுந்தது பக்கத்தில் நின்றவர்.

ராஜினாமா

பொறுப்பேற்று விலகுவதைப் பெரிய குணம் என்று நாம் படித்து வளர்ந்திருக்கிறோம். லால் பகதூர் சாஸ்திரியின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பேச்சு முடியாது. 1956-இல் மகபூப்நகர் ரயில் விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சராக இருந்த அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அரியலூர் விபத்து. இந்த முறை விலகியே விட்டார். அடுத்த ஆண்டு தேர்தலுக்குப் பிறகு மீண்டும் அமைச்சரானார். 1964-இல் பிரதமர்.

அவர் செய்ததையும் நீங்கள் செய்ய நினைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தான் கையால் செய்யாத தவறின் சுமையை அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். நீங்கள் கையால் செய்த தவறின் சுமை இப்போது ஒரு ஜூனியரின் கோப்பில் இருக்கிறது. நீங்கள் விலகினால் அந்தக் கடிதம் அங்கேயே இருக்கும். உண்மை தெரிந்த ஒரே மேலதிகாரியும் போய்விட்டிருப்பார். புதிதாக வருகிறவர் கோப்பைத் திறந்து, "ஓ, அந்த 340 பேர் விஷயம் இவரா" என்பார். ஆகவே இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். கோப்பைச் சுத்தம் செய்த பிறகும் போகத் தோன்றினால் போங்கள், அது வேறு பேச்சு.

அப்ரைசலில் ஈடுகட்டுவது

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நல்ல மனதோடுதான் யோசித்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் காரணம் சொல்லாமல் தரும் மதிப்பெண் வாயை மூடத் தரும் விலையாகத்தான் தெரியும். அவருக்கும் அப்படித் தெரியும், மற்ற பத்துப் பேருக்கும் தெரியும். எச்சரிக்கைக் கடிதமும் மிக உயர்ந்த மதிப்பெண்ணும் ஒரே வருடத்தில் ஒரே கோப்பில் இருந்தால், ஹெச்.ஆர். கேள்வி கேட்கும். அப்போது இன்னொரு கதை கட்ட வேண்டிவரும்.

உங்கள் மெயில் வரைவு

மனைவி சொல்வது சரி. ஆனால் வரைவு சரியில்லை. நீங்கள் எழுதியிருப்பது: "அன்றைய நேர நெருக்கடி காரணமாக இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு மேற்கொள்ளப்படவில்லை என்பது பின்னர் கவனத்துக்கு வந்தது." யார் மேற்கொள்ளவில்லை? யார் கவனத்துக்கு வந்தது? அந்த வாக்கியத்துக்குள் ஆள் யாருமே இல்லை. அழைப்பில் ஒரு பெயரைச் சொன்னீர்கள். கடிதத்தில் எல்லாப் பெயரையும் மறைத்துவிட்டீர்கள், முதலில் உங்கள் பெயரை.

1944 ஜூன் 5. மறுநாள் நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்க வேண்டும். நேசப் படைகளின் தளபதி ஐசன்ஹோவர், ஒருவேளை தோற்றுவிட்டால் வெளியிடுவதற்காக ஒரு சிறு குறிப்பைப் பென்சிலால் எழுதி மணிபர்சில் வைத்துக்கொண்டார். இருந்த பதற்றத்தில் தேதியை ஜூலை 5 என்று தப்பாகப் போட்டிருக்கிறார். முதலில் "படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன" என்ற தொனியில் எழுதி, அதை அடித்துவிட்டு, "படைகளை நான் விலக்கிக்கொண்டேன்" என்று திருத்தினார். கடைசியில், இந்த முயற்சியில் குற்றமோ குறையோ இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடித்தார். படையிறக்கம் வெற்றி பெற்றதால் அந்தக் குறிப்புக்கு வேலையில்லாமல் போயிற்று. சில வாரம் கழித்துத்தான் உதவியாளர் கண்ணில் பட்டது. அந்த ஒரு அடித்தல் திருத்தல்தான் எனக்கு அதில் பிடித்தது. தானாக வந்தது செயப்பாட்டு வினைதான். அடித்துவிட்டு 'நான்' என்று எழுதியது அவராக எடுத்த முடிவு.

உங்கள் மெயில் இவ்வளவு இருந்தால் போதும்: "அந்த ஷீட்டுக்கு நான் ஒப்புதல் கொடுத்தேன். ஒப்புதல் தரும் முன் அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் பிழை தெரிந்திருக்கும். அழைப்பில் நீங்கள் கேட்டபோது இதை நான் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது குறித்து நேரில் பேசவும் தயாராக இருக்கிறேன்." நேர நெருக்கடியைப் பற்றி அவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.

யாரிடம் முதலில்?

அந்தப் பெண்ணிடம். மெயில் அனுப்புவதற்கு முன்னால், அன்றைக்கே, தனியாக. உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். ஆறு வாரத்துக்கு முன் அந்த எச்சரிக்கைக் கடிதத்தை அங்கேதான் வாங்கியிருப்பார். பொதுவான ஒரு கூட்ட அறை போதும். என்ன செய்தீர்கள், இன்றைக்கு யாருக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முடிவு உங்கள் கையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "கடிதத்தை எடுத்துவிடுவார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் அது முடியாமல் போகலாம். பெரும்பாலான நிறுவனங்களின் விதிகளில் எச்சரிக்கைக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் தர இடம் இருக்கும், அதற்குக் கெடுவும் இருக்கும். கெடு தாண்டியிருந்தாலும் புதிய உண்மை வந்திருப்பதால் மறுபரிசீலனை கேட்கலாம். அவர் அப்படி எழுத விரும்பினால், ஆதாரமாக உங்கள் மெயிலைக் காட்டலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஷீட்டைத் தயாரித்ததில் அவருக்கும் பிழை இருக்கிறதே என்று உங்கள் மனதில் ஒரு மூலையில் ஓடும். இருக்கிறது. 'மேக்கர்' தவறு செய்வார் என்று தெரிந்துதான் 'செக்கர்' என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். அதை இந்தப் பேச்சில் எடுக்காதீர்கள். அவருக்கு அது ஆறு வாரமாக நன்றாகவே தெரியும்.

அப்புறம் இயக்குநர், எழுத்தில். அதற்குப் பிறகுதான் டீம். டீம் முன்னால் அந்தப் பெண்ணை நிறுத்தி மன்னிப்புக் கேட்கும் நாடகம் வேண்டாம். பத்துப் பேர் பார்க்கும்போது அவர் "பரவாயில்லை சார்" என்றுதான் சொல்ல முடியும், அது மன்னிப்பில் சேராது. அவரைப் பற்றி டீமிடம் என்ன சொல்லலாம் என்று முன்கூட்டியே அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். டீமிடம் உங்களைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒப்புக்கொண்டால் மரியாதை கூடும் என்று சொல்கிறவர்கள் 1961-ஐக் காட்டுவார்கள். அந்த ஏப்ரலில் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் அமெரிக்கா பின்னால் நின்று நடத்திய படையெடுப்பு மூன்றே நாளில் படுதோல்வி. கென்னடி தானே பொறுப்பு என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அடுத்து வந்த காலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 சதவீதம். உண்மைதான். ஆனால் கென்னடிக்கு மேலே எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க ஓர் இயக்குநர் இல்லை. உங்களுக்கு இருக்கிறார். உங்களுக்கும் ஒரு கடிதம் வரலாம். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகலாம். தவறைவிட ஆறு வாரம் மறைத்ததற்காக அவர் அதிகம் கோபப்படலாம், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வாடிக்கையாளர் நிறுவனம் இழப்பீடு கேட்டு வழக்கு, வக்கீல் நோட்டீஸ் என்று போயிருந்தால் மட்டும், மெயில் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். எதைச் சொல்வது என்பதற்காக, சொல்லலாமா என்பதற்காக இல்லை.

சொல்லாமல் இருந்தாலும் ஆபத்து இருக்கிறது, நீங்கள்தான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அப்ரூவ் பொத்தானை யார், எத்தனை மணிக்கு அழுத்தினார் என்பது கணினியில் பதிவாகியிருக்கும். ஷீட்டைத் திறந்தாரா என்பதும் இருக்கலாம். என்றைக்காவது ஒரு தணிக்கையில் அது வெளியே வந்தால், அப்போது நீங்கள் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

கென்னடியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது 83-ஐ விட வேறொன்று. அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் முடிவெடுக்கும் முறையையே மாற்றினார். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது, ஆலோசகர்கள் தன் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது என்று சில கூட்டங்களுக்கு அவர் வேண்டுமென்றே போகவில்லை. அந்த நெருக்கடி நீடித்த 13 நாளை வைத்தும் உலகம் அவரை இன்றைக்கு நினைக்கிறது. உங்களுக்கும் அடுத்த "யார்?" வரும். சம்பளக் கணக்கு வேலையில் அது வராமல் போகாது. அன்றைக்கு வாயில் வருவதற்கு ஒரு பதிலை இப்போதே பழகி வையுங்கள்: "என் டீம் செய்தது, நான் ஒப்புதல் கொடுத்தேன். எங்கே தவறியது என்று நாளை மாலைக்குள் எழுதித் தருகிறேன்." கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. பதற்றத்தில் நாக்கு பழகிய பாதையில்தான் ஓடும். கூடவே, ஷீட்டைத் திறக்காமல் அப்ரூவ் செய்ய முடியாதபடி முறையை மாற்றச் சொல்லி நீங்களே கேளுங்கள். உங்களைக் கட்டிப்போடும் விதியை நீங்களே கேட்டு வாங்கினால், டீம் அதைக் கவனிக்கும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண் நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, "சரி சார்" என்று மட்டும் சொல்லி எழுந்து போகலாம். அழலாம், கோபப்படலாம், வேறு டீமுக்கு மாற்றல் கேட்கலாம். கேட்டால் தடுக்காமல் ஒப்புதல் கொடுங்கள். "மெயில் போட்டுடுங்க சார்" என்பது அடுத்த நாளே நிற்காது. கேட்கும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் மெயில் போடுங்கள்.

முடிந்தபின் எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை இரண்டாவது பத்தியில் சொல்லுங்கள். அந்தக் கடிதம் அவர் கோப்பிலிருந்து வெளியே வந்ததா என்பதை முதலில்.